பொன்னுக்கு வீங்கிய சம்பந்தி

தன் முகம் எப்படி இருக்கிறது என்று மனிதனுக்கு அதிகம் தெரியாமல் இருப்பதே நல்லது. தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்றால் காலையில் சவரம் செய்யும்போது ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். எனக்கு அந்த வசதி இல்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கடையின் மூன்று சுவரிலும் நிலைக்கண்ணாடி. பிரேம் போட்டுப் பார்க்க வருகிறவர்கள் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டுப் போய்விடுவார்கள். நான் கடை சாத்தும்வரை என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நேராக ஒருவன், இடப்பக்கம் ஒருவன், வலப்பக்கம் ஒருவன். மூன்று பேருக்கும் கன்னம் கிடையாது.

முன்பு இருந்தது. கல்யாண ஆல்பத்தில் இருக்கிறது, ஆதாரம் காட்ட முடியும். ஐம்பதைத் தாண்டியபோது சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். தினமும் கோட்டை வாசல்வரை நடந்து போய்த் திரும்பினேன். (மலைமேல் ஏறுவதெல்லாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு வெளியூரிலிருந்து வருகிறவர்களுடைய வேலை.) உடம்பு இளைத்தது. ஆனால் எங்கிருந்து இளைக்க வேண்டும் என்று அது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொந்தியை அப்படியே விட்டுவிட்டுக் கன்னத்தில் கையை வைத்தது. அதோடு கடைவாய்ப் பற்களும் இரண்டு போயிருந்ததால் கன்னம் உள்வாங்கி, எப்போதும் எதையோ உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருப்பவனைப் போல இருந்தேன்.

இது எனக்கு ஒரு பிரச்சினையாகத் தோன்றியது என் மகன் கார்த்திக்குப் பெண் பார்க்கப் போன அன்றுதான்.

கார்த்தி ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் இஞ்சினியர். பெண் தமிழரசி அவலூர்பேட்டைக்காரி. பல் டாக்டருக்குப் படித்துவிட்டுத் திருவண்ணாமலையில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா ராஜமாணிக்கம் வேர்க்கடலை மண்டி வைத்திருந்தார். (எங்கள் பக்கத்தில் மல்லாட்டை மண்டி என்று சொன்னால்தான் யாருக்கும் புரியும்.) இரண்டு பேரும் ஏற்கெனவே போனில் பேசிப் பிடித்துப்போய்விட்டது. நாங்கள் போனது ஒரு மரியாதைக்காகத்தான்.

வாசலில் எங்களை வரவேற்றவர் ராஜமாணிக்கத்தின் தங்கை வசந்தா. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். என் மனைவி செல்வியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனவர், பின்னால் வந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இவுரு யாரு, உங்க நைனாவா? ஏம்பா, பெரியவருக்கு அந்த கை வெச்ச சேரை எடுத்துப் போடுங்க. கீழ குந்தினா எழுந்துக்க முடியாது."

கார்த்தி நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தான். ராஜமாணிக்கம் போண்டாத் தட்டைப் பார்த்தார். செல்விதான் பதில் சொன்னாள்.

"இல்லீங்க. எங்க வூட்டுக்காரரு."

வசந்தா நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயய்யோ, வெளிச்சம் பத்தல, அதான்" என்றார். பகல் பதினொரு மணி. சித்திரை வெயில்.

கை வைத்த சேரில்தான் உட்கார்ந்தேன். வேறு சேர் காலியாக இல்லை.

திரும்பி வரும்போது காரில் செல்வி தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, பொண்ணு லட்சணமா இருக்குது" என்றாள். செல்விக்கும் எனக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம். மகள் என்று சொல்வதற்கு அது போதாது என்பது யாருக்கும் தெரியும்.

மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பித்தேன். நேந்திரம் பழத்தை நெய்யில் வதக்கித் தின்றேன். சர்க்கரை ஏறியது, கன்னம் ஏறவில்லை. பலூன் ஊதினால் கன்னத் தசை பெருக்கும் என்று போனில் ஒருவர் சொன்னார். கடையில் பலூன் ஊத முடியாது என்பதால் வெறும் காற்றை வாய்க்குள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கண் பரிசோதனைக்கு வந்த ஒரு டீச்சர், "இன்னா சார், நான் வந்ததுலேர்ந்து வாயில இன்னாத்த வெச்சிருக்கீங்க? துப்பிட்டு வந்து பேசுங்க" என்றார்.

நாம் எதைத் தேடுகிறோமோ அதையே போன் நமக்குத் திரும்பத் திரும்பக் காட்டும். எனக்குக் கன்னமாகக் காட்ட ஆரம்பித்தது. அப்படித்தான் கன்னத்துக்குள் சிலிக்கான் வைத்து முகத்தை இளமையாக்கும் ஆப்பரேஷன் பற்றித் தெரிந்துகொண்டேன். முதலில் ஒட்டிய கன்னம், பிறகு உப்பிய கன்னம். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நிச்சயதார்த்தம் வைகாசிக் கடைசியில் என்று பேசியிருந்தார்கள். நிறைய நாள் இருந்தது. சரக்கு எடுக்கச் சென்னைக்குப் போவதாகவும், அப்படியே கடைவாய்ப் பல் ஒன்று தொந்தரவு செய்கிறது, அதையும் காட்டிவிட்டு வருவதாகவும் செல்வியிடம் சொன்னேன். வரப்போகிற மருமகள் பல் டாக்டர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் தேர்ந்தெடுத்த பொய் பல். என் அறிவின் அளவு அது.

சென்னை டாக்டர் நல்ல மனிதர். என்னைவிட இளையவர். இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார்.

"ஊசியில ஃபில்லர் போடலாம் சார். ஒரு வருஷம், கூடக்குறைய நிக்கும். அப்புறம் கரைஞ்சுடும், திரும்பப் போடணும். இம்ப்ளான்ட்னா மேல் உதட்டுக்கு உள்பக்கமா கீறி, எலும்பு மேல வெச்சுத் தச்சுடுவோம். வெளியில தழும்பு தெரியாது. அது அங்கேயே இருக்கும்."

"அங்கேயே இருக்கும்" என்ற சொல் கடைக்காரனுக்கு இனிப்பானது. முப்பது வருஷமாக நான் அதைச் சொல்லித்தான் பிரேம் விற்கிறேன்.

"கேரண்டி உண்டா டாக்டர்?"

"இது மிக்ஸி இல்ல சார்."

எது எதெல்லாம் தவறாகப் போகலாம் என்று பொறுமையாக விளக்கினார். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால்தான் கை வைப்பேன் என்றார். வீக்கம் முதல் சில நாள் ஏறும், பிறகுதான் இறங்கும், உதடு கொஞ்ச நாள் மரத்துப்போகும், கூழ் கஞ்சிதான் சாப்பிட வேண்டும், வாய்விட்டுச் சிரிக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அளவு காட்டியபோது மட்டும், "இதுக்கு அடுத்த சைஸ் இருக்குதா?" என்று கேட்டேன். "உங்க முகத்துக்கு இதுதான்" என்று பெட்டியை மூடிவிட்டார்.

கடைசியாக, "எதுக்காக செஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"தொழிலுக்கு" என்றேன்.

(செலவைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. செல்வி இதைப் படிக்கக்கூடும்.)

ஆப்பரேஷன் நன்றாகவே நடந்தது. அதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. சில நாள் ஒரு லாட்ஜில் தலையணையை உயர்த்திப் படுத்துக்கொண்டு கஞ்சி குடித்தேன். ஊருக்குக் கிளம்பிய அன்று முகம் முழுசாக வீங்கியிருந்தது. தாடையிலிருந்து உச்சந்தலைவரை ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். மேல் உதடு என்னுடையதாகவே இல்லை. பேசினால் 'ப'வும் 'ம'வும் வரவில்லை. இரண்டு உதடும் ஒட்டினால்தானே அவை வரும்.

திண்டிவனத்தில் செஞ்சி பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அன்றைக்கு அமாவாசை என்பது தெரிந்தது. பஸ் முழுக்க மேல்மலையனூர் கோயிலுக்குப் பேயோட்டப் போகிற கூட்டம். மஞ்சள் புடவையும் வேப்பிலையும் எலுமிச்சம்பழமுமாக இருந்த இரண்டு பெண்களுக்கு நடுவில் எனக்கு இடம் கிடைத்தது.

"இன்னாபா ஆச்சி? யாராச்சும் அடிச்சிட்டாங்களா?" என்றார் ஜன்னலோரம் இருந்த அம்மாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லேன்."

"ஹல்லு" என்றேன். பல்லு என்பதுதான் அது.

அவர் இந்தப் பக்கத்து அம்மாளைப் பார்த்தார். "கேட்டியா? கொரலே அவுரு கொரல் இல்ல. ஏதோ காத்து வாயக் கட்டியிருக்குது." இருவரும் சேர்ந்து என் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். மடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். செஞ்சி வந்ததும் நான் எழுந்தேன். ஆளுக்கொரு கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள்.

"எறங்க வுடாதீங்க! அது கோயிலுக்கு வரமாட்டேன்னுதான் சொல்லும்!"

பின்சீட்டிலிருந்து ஒருவர் எழுந்து வந்து என் தோளை அழுத்திக்கொண்டார். பெரிய மனதுக்காரர்கள், சந்தேகமே இல்லை. முன்பின் தெரியாத ஒருவனுக்காக இவ்வளவு மெனக்கெட யார் வருவார்கள்? பஸ் புறப்படும் நேரத்தில் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, அவுரு செஞ்சிக்குத்தான் டிக்கெட் வாங்கினாரு, வுடுங்க" என்றதால் இறங்கினேன். எலுமிச்சம்பழத்தைத் திருப்பித் தரத் தோன்றவில்லை.

வீட்டு வாசலில் செல்வி என் முகத்தைச் சுற்றிவந்து பார்த்தாள். பிறகு, "ஒரு பல்லுதான காட்டப் போனீங்க? ரெண்டு பக்கமும் வீங்கியிருக்குது?" என்றாள்.

இரண்டு விரலைக் காட்டினேன். இரண்டு பல் என்று எடுத்துக்கொண்டாள். பட்டையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். கஞ்சி ஆற்றிக் கொடுத்துக்கொண்டே அடுத்த செய்தியைச் சொன்னாள்.

"தமிழரசியோட மாமா குவைத்துல இருக்காரில்ல, அவருக்கு லீவ் முடியுதாம். வர்ற வெள்ளிக்கெழமையே நிச்சயத்த வெச்சிக்கலாமான்னு சம்பந்தி கேட்டாரு. உங்களுக்கு போன் போட்டேன், எடுக்கல. நானே சரின்னுட்டேன்."

கஞ்சி என் வாயிலிருந்து வழிந்தது. அதிர்ச்சியால் அல்ல. உதடு மரத்திருந்ததால் வழிந்தது. ஆனால் அதிர்ச்சியும் இருந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் வீக்கம் வடிந்துவிட வேண்டும் என்று கண்ணாடியிடம் கெஞ்சினேன். வடியவில்லை. கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடைவரை இரண்டு பக்கமும் உப்பி, முகம் பூசணிக்காய்க்குக் கண் வரைந்ததுபோல ஆனது. செல்வி அருகில் வந்து உற்றுப் பார்த்தாள்.

"இது பல்லு இல்ல. பொன்னுக்கு வீங்கி."

மறுக்க வாயெடுத்தேன். மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். யோசித்துப் பார்த்தபோது பொன்னுக்கு வீங்கி கௌரவமான வியாதியாகவே பட்டது. யாருக்கும் வரலாம். வந்தவனைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள். தலையாட்டினேன். செல்வி தன் ரெட்டைவடச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். தங்கம் தொட்டால் அந்த வீக்கம் இறங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கூடவே வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கன்னத்தில் அப்பினாள். வியாழக்கிழமை ஒரகடத்திலிருந்து வந்த கார்த்தி, "யாரு வேணும்?" என்று என்னைக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் "நைனா!" என்றான்.

வெள்ளிக்கிழமை அவலூர்பேட்டையில் பெண் வீட்டுக்கு முன்னால் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். நான் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுச் சங்கிலியை மறைத்திருந்தேன். மஞ்சள் எவ்வளவு கழுவியும் முழுசாகப் போகவில்லை. ராஜமாணிக்கம் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாலும் மரியாதையை விடவில்லை. "சம்பந்திக்குப் பல்லு சரியில்லன்னு சொன்னாங்க. மெல்ல முடியாதுல்ல?" என்று சொல்லி, எவர்சில்வர் கிண்ணம் நிறைய உரித்த நுங்கு கொண்டுவரச் சொல்லி என் பக்கத்தில் வைத்தார். அப்படிப்பட்ட நல்ல மனிதருக்குத்தான் நான் சம்பந்தியாகப் போய்க்கொண்டிருந்தேன்.

ஐயர் நிச்சயப் பத்திரிகை வாசித்து முடித்தார். தாம்பூலத் தட்டை இரண்டு பேரும் பிடித்து மாற்றிக்கொள்ள வேண்டும். எழுந்து நின்றேன். வெற்றிலை, பாக்கு, தேங்காய், புடவை எல்லாம் வைத்த தட்டைப் பிடிக்கக் குனிந்தபோது பொத்தான் தெறித்துவிட்டது. சங்கிலி வெளியே வந்து தேங்காயின்மேல் மோதியது.

வசந்தா எங்கிருந்தாரோ, நேராக வந்தார். என் கழுத்தைப் பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார். காதுக்குக் கீழே மிச்சமிருந்த மஞ்சளைப் பார்த்தார். அண்ணன் காதில் எதையோ சொன்னார். ராஜமாணிக்கத்தின் கை தட்டை விட்டு விலகியது. தட்டு என் கையில் மட்டும் இருந்தது.

"அண்ணா, இது பொன்னுக்கு வீங்கிதான?" என்றார் வசந்தா என்னிடம்.

"ஹல்லு" என்றேன்.

"பல்லுதாங்க, பல்லு" என்றாள் செல்வி. இந்த வாரம் முழுவதும் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வைத்தியம் பார்த்தவள் அவள்தான். ஆபத்து தெரிந்ததும் ஒரு நொடியில் பல்லுக்கு மாறிவிட்டாள்.

"பல்லுன்னா சங்கிலி எதுக்கு?"

"அழகுக்குப் போட்டிருக்காரு."

வசந்தா விடவில்லை. "எத்தினி பேருக்குப் பாத்திருக்கேன். இது ஒட்டுவாரொட்டிங்க. மாப்பிள்ளை ஒரே வூட்டுல இவரோடதான் இருந்திருக்காரு. வயசுப் பையனுக்கு இது வந்துச்சின்னா மொகத்தோட நிக்காது. கீழ எறங்கிடும்." பிறகு பெண்கள் இருக்கிறார்களே என்று குரலைத் தாழ்த்தினார். பந்தல் முழுக்கக் கேட்கும்படி தாழ்த்தினார். "அப்புறம் வாரிசு விஷயம்."

பந்தலில் இருந்த அத்தனை பேரும் கார்த்தியைப் பார்த்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மடியில் ஒரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

யாரோ, "சண்டை எதுக்கு? பொண்ணே பல் டாக்டர்தான, பாத்துச் சொல்லட்டும்" என்றார்கள். பட்டுப்புடவையும் தலைநிறையப் பூவுமாகத் தமிழரசி உள்ளே இருந்து வந்தாள். கையில் போன் டார்ச். நான் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"ஆ காட்டுங்க மாமா."

அவள் என்னை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆ காட்டினேன்.

"பல்லு எதையும் இப்ப புடுங்கல. பின்னாடி ரெண்டு இல்ல, ஆனா அது போயி ரொம்ப வருஷம் இருக்கும்" என்றாள் பொதுவாக. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பிறகு என் மேல் உதட்டை மெதுவாகத் தூக்கினாள். டார்ச் வெளிச்சம் இடப்பக்கம் போனது. வலப்பக்கம் போனது. மறுபடியும் இடப்பக்கம் வந்தது. அவள் உதட்டை இறக்கிவிட்டுக் காதருகில் குனிந்தாள்.

"மாமா, உள்ள ரெண்டு பக்கமும் தையல் இருக்குது. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அதற்குள் பெரியவர்கள் முடிவெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ராஜமாணிக்கம் என்னருகில் வந்து, "சம்பந்தி, தப்பா நெனச்சிக்காதீங்க. உடம்பு சரியாவட்டும். கொஞ்சம் தள்ளி வெச்சிக்கலாம்" என்றார். "அப்ப நான் அடுத்த லீவுக்குத்தான் வரணும்" என்றார் குவைத் மாமா. "நடுவுல ஆடி வருது" என்றார் ஐயர். தள்ளிப்போன நிச்சயங்கள் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் முறிக்கமாட்டார்கள். போன் வருவது குறையும். பிறகு ஒரு நாள் வேறு இடத்தில் பத்திரிகை அடிப்பார்கள். கார்த்தி எழுந்து நின்றிருந்தான். என்னைப் பார்க்கவில்லை, தமிழரசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சின்ன வயதில் பரீட்சையில் தோற்றபோதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அவனுக்கு நல்ல கன்னம், என்னுடைய பழைய கன்னம். அது தொங்கிப்போயிருந்தது.

நானும் எழுந்தேன்.

"கன்னத்துக்குள்ள சிலிக்கான் வெச்சிருக்கேன்" என்றேன்.

அந்த வாக்கியத்தில் 'ப', 'ம' இரண்டுமே இல்லை. மணி அடித்தாற்போல விழுந்தது.

"இன்னா வெச்சிருக்காரு?" என்றார் குவைத் மாமா.

தமிழரசி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். "ஒட்டுற வியாதி எதுவும் இல்ல. கன்னம் ஒட்டிப்போனவங்களுக்கு உள்ள ஒண்ணு வெச்சு மேல எடுத்துக் காட்டுவாங்க. ஆப்பரேசன் பண்ணி கொஞ்ச நாள்தான் ஆவுது, அதான் வீக்கம். தையல நானே பாத்தேன்."

"அது எதுக்கு?" என்றார் வசந்தா.

"எளசா தெரியறதுக்கு" என்றேன்.

"யாருக்குத் தெரியறதுக்கு?"

செல்வி என் முன்னால் வந்து நின்றாள். அவள் கோபமாக இருக்கிறாளா என்று கண்டுபிடிக்க முயன்றேன்.

"அன்னிக்கி இவங்க, 'உங்க நைனாவா'ன்னு கேட்டாங்களே. அதுக்கா?"

தலையாட்டினேன். பந்தலின் மொத்தப் பார்வையும் வசந்தாவிடம் போனது. அந்த அம்மாள் பக்கத்தில் கிடந்த சேரில் பொத்தென்று உட்கார்ந்தார். "நான் வெளிச்சம் பத்தாம கேட்டேங்க! அதுக்குப் போயி யாராச்சும் மொகத்த அறுத்துக்குவாங்களா?" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. அங்கே எல்லோரையும்விடப் பாவமாக இருந்தவர் அவர்தான்.

நிலைமையைச் சமாளிக்க நினைத்தாரோ என்னவோ, ராஜமாணிக்கம் தொண்டையைச் செருமினார். அவர் வியாபாரி. சரக்கு எப்படி இருக்கும் என்று தெரியாமல் அவரால் இருக்க முடியாது.

"ஏன் சம்பந்தி, அது பாக்க எப்டி இருக்கும்?"

பேசி விளக்குகிற நிலையில் நான் இல்லை. பக்கத்தில் இருந்த கிண்ணத்திலிருந்து ஒரு நுங்கை எடுத்துக் கன்னத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். பிறகு இன்னொன்றை எடுத்து அந்தப் பக்கமும் பிடித்தேன்.

எல்லோரும் நுங்கைப் பார்த்தார்கள். என் முகத்தைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது தமிழரசி. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அடுத்து கார்த்தி. அப்புறம் பந்தல் மொத்தமும். குவைத் மாமா தூணைப் பிடித்துக்கொண்டார். வசந்தா அழுதுகொண்டே சிரித்தார். வாய்விட்டுச் சிரிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நான் மட்டும் இரண்டு கையிலும் நுங்கைப் பிடித்தபடி நேராக நின்றுகொண்டிருந்தேன். போட்டோக்காரர் அதை எடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு 'வேண்டா'வரை வந்தது, மிச்சம் வரவில்லை.

வசந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, நர்ஸின் விரல்களால் என் கன்னத்தை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். வலி உயிர் போனது. "கெட்டியாத்தான் இருக்குது. தட்ட மாத்துங்க" என்றார். மாற்றினோம்.

திரும்பி வரும்போது காரில் செல்வி சங்கிலியை என் கழுத்திலிருந்து கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "அவங்க அப்டி கேட்டப்ப எனக்குக் கொஞ்சம் சந்தோசமாத்தான் இருந்துச்சி. அதான் சிரிச்சேன். நீங்க மனசுல வெச்சிக்குவீங்கன்னு நெனைக்கல" என்றாள். அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "என்கிட்ட சொல்லியிருந்தா கூட வந்திருப்பேன். கஞ்சியாச்சும் நல்லதா குடிச்சிருப்பீங்க" என்றாள்.

கல்யாணத்துக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. கன்னம் வந்துவிட்டது. டாக்டர் சொன்னபடி அது அங்கேயே இருக்கிறது. பலனைக் கேட்டால், இதுவரை ஒருவர்கூட நான் இளமையாக இருப்பதாகச் சொல்லவில்லை. கடைக்கு வந்த டீச்சர், "கொஞ்சம் சதை போட்டுட்டீங்க சார், சுகர் பாத்துக்குங்க" என்றார். கல்யாண மண்டபத்தில் வசந்தா என்னை எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டு, "இப்ப நல்லா இருக்கீங்கண்ணா. எங்க அண்ணன் வயசுதான் சொல்லலாம்" என்று மனதாரப் பாராட்டினார். அவர் அண்ணன் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இன்னொரு விளைவு, சிரித்தால் கன்னம் மேலே ஏறி நான் போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடுகிறது. ஊருக்கெல்லாம் பிரேம் பொருத்திக் கொடுக்கிறவன் எனக்குப் பொருந்துகிற பிரேம் தேடிச் சென்னைக்குப் போய்வந்தேன். இந்தத் தடவை செல்வியும் கூட வந்தாள்.

ஒவ்வொரு கோடையிலும் அவலூர்பேட்டையிலிருந்து சம்பந்தி நுங்குக் குலை அனுப்புகிறார். மருமகள்தான் வெட்டி உரித்துக் கிண்ணங்களில் போடுவாள். "மாமாவுக்கும் எடுத்து வெக்கட்டுமா அத்தே?" என்பாள் ஒவ்வொரு தடவையும், புதிதாகக் கேட்பதுபோல. "அவருக்கு இன்னாத்துக்கு? ரெண்டு உள்ள இருக்குதே" என்பாள் செல்வி. இது முடிந்த பிறகுதான் என் கிண்ணம் வரும்.

போன வைகாசியில் என் பேத்திக்குச் சாமான்களின் பேர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஃபேன் எங்கே என்றால் மேலே காட்டினாள். பூனை எங்கே என்றால் வாசலைக் காட்டினாள். அவள் முன்னால் கிண்ணம் நிறைய நுங்கு இருந்தது. நுங்கு எங்கே என்று கேட்டான் கார்த்தி. கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, தவழ்ந்து என் மடியில் ஏறி, இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.